பலாலிக்குப் பறந்த இறக்கைகள் – 6: கடைசியாக வந்த தகவல்

1998 செப்டெம்பர் 29, செவ்வாய்க்கிழமை பிற்பகல். சென்ற வாரம் பலாலி ஓடுபாதையில் நிறுத்திவிட்டுப் போன விமானம் இப்போது கிளம்பிவிட்டது. லயன் எயார் 602. இரத்மலானைதான் போகுமிடம். வன்னிக்கு மேலால் பறக்க முடியாத காலம் அது. தெற்கே போகும் விமானங்கள் குடாநாட்டைவிட்டு மேற்கே ஒதுங்கி, கடலுக்கு மேலாகவே மன்னார்ப் பக்கம் இறங்கும். உள்ளே 48 பயணிகள், 7 பணியாளர்கள்.

மேலேறிச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். விமானியிடமிருந்து ஒரு தகவல் வந்தது. தாக்குகிறார்கள் என்றோ இயந்திரம் எரிகிறது என்றோ அவர் சொல்லவில்லை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்றார்.

அதற்குப் பிறகு ராடர் திரையில் அந்தப் புள்ளி இல்லை.

இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பதினான்கு வருடம் வாதாடியது. விழுத்தினார்களா, விழுந்ததா? ஏவுகணையா, பழசா? அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்னால் விமானத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

பெயரைப் பார்த்து இந்தோனேசிய நிறுவனத்தை நினைத்துவிட வேண்டாம். இந்த லயன் எயார் இலங்கைத் தனியார் நிறுவனம். விமானமோ இலங்கைக்காரருடையது அல்ல. பெலாரஸ் நாட்டின் கோமெல் நகரைச் சேர்ந்த கோமெலாவியா என்ற நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்தது. அன்ரனோவ் 24, ஆர்.வி. வகை. சோவியத் ஒன்றியம் 1959 இல் முதன்முதலாகப் பறக்கவிட்டு, பிறகு ஆயிரத்துக்கும் மேலாகச் செய்து குவித்த இனம். சைபீரியாவின் பனி ஓடுபாதையிலும் மத்திய ஆசியாவின் மண் ஓடுபாதையிலும் இறங்குவதற்கென்றே வரையப்பட்டது. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் சுழலிகள் தரையிலிருந்து நல்ல உயரத்தில் நிற்கும். கல்லும் தூசும் எளிதில் எட்டாது. ஆர்.வி. வகையில் வலப்பக்க இயந்திரக் கூட்டுக்குள் இன்னொரு சின்ன ஜெற் இயந்திரமும் ஒளிந்திருக்கும். வெயில் ஏறிய நேரத்தில், பாரத்தோடு, நீளம் குறைந்த ஓடுபாதையில் எழும்ப அது கைகொடுக்கும். பலாலிக்கு இதைவிடப் பொருத்தமான விமானத்தை அந்த விலையில் எங்கே தேடுவது?

சோவியத் ஒன்றியம் உடைந்தபின் இந்த விமானங்கள் விமானிகளோடு சேர்த்து உலகமெங்கும் வாடகைக்குப் போயின. ஆபிரிக்காவுக்குப் போயின, ஆசியாவுக்கு வந்தன. பலாலிக்கு வந்ததும் அந்த வழியில்தான். இருபத்தைந்து வயதைத் தாண்டிய விமானம், ரஷ்யமொழி பேசும் விமானி, கதவடியில் நம் ஊர்ச் சனம்.

சனம் என்ன பேசிக்கொண்டது என்பது அந்தக் காலத்தில் பயணம் செய்த எவருக்கும் ஞாபகம் இருக்கும்.

“உந்தப் பழம் பிளேனிலயோ போகப்போறியள்?”

“வேறை என்ன வழி கிடக்கு, சொல்லுங்கோ அண்ணை.”

உண்மையிலேயே வேறு வழி அதிகம் இல்லை. ஏ9 வீதி பூட்டு. காங்கேசன்துறையிலிருந்து கடலால் திருகோணமலைக்குப் போகலாம். காத்திருப்பும் கடலும் சேர்ந்து ஆளை முறித்துவிடும். விமானமென்றாலும் நினைத்தவுடன் ஏற முடியாது. அனுமதி எடுக்கவேண்டும், பொதியைக் கொட்டிக் காட்டவேண்டும், உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கும் பலாலிக்கு அவர்கள் ஏற்றிப்போகும் பஸ்ஸிலேயே போகவேண்டும். இவ்வளவையும் தாண்டி ஆசனத்தில் இருந்தவருக்கு விமானத்தின் பிறந்த வருடம் ஒரு பொருட்டாகவா பட்டிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. பழைய இயந்திரத்தைக் கண்டு மிரளுகிற ஊர் அல்ல யாழ்ப்பாணம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர். பெற்றோலை இரண்டு துளி விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினோம். அந்தக் கார்களில் சில இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் கார் நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். அதனால்தான் ஏ40 இல் சிரித்துக்கொண்டு ஏறிய அதே மனிதர் அன்ரனோவில் ஏறும்போது பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

அந்தப் பயம் வீண் பயமா?

இதற்குப் பதில் தேடப் பலாலியைவிட்டு வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் ஹவாய்த் தீவுகள். 1988 ஏப்ரல் 28. ஹிலோ நகரிலிருந்து ஹொனலுலுவுக்குப் போக அலோஹா நிறுவனத்தின் பொயிங் 737 ஒன்று தயாராக நிற்கிறது. பயணிகள் ஏறுகிறார்கள். கதவருகே வந்த ஒரு பெண் விமானத்தின் உடலில் நீளவாட்டில் ஒரு வெடிப்பைக் காண்கிறார். கண்டவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இருந்துவிடுகிறார். நாமும் அதைத்தான் செய்திருப்போம். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

விமானம் 24,000 அடியைத் தொட்டபோது கூரை பிய்த்துக்கொண்டு போனது. விமானி அறைக்குப் பின்னால் பதினெட்டு அடி நீளத்துக்கு மேலே ஆகாயம் மட்டும். நடைபாதையில் நின்ற பணிப்பெண் கிளாரபெல் லான்சிங் வெளியே இழுத்தெறியப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. மற்ற 94 பேரும் திறந்த வானத்தின் கீழ், மவுயித் தீவில் உயிரோடு தரையிறங்கினார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைப் போன்ற தரையிறக்கம் அதிகம் இல்லை.

அந்த 737 க்கு வயது 19. அதுவரை அது பறந்த மணித்தியாலங்கள் ஏறத்தாழ 35,500. ஆனால் விசாரணையாளர்களின் கண் போய் நின்றது மூன்றாவது எண்ணில்: 89,680 தடவை மேலேறி இறங்கியிருந்தது. பொயிங் அதை வடிவமைத்தபோது கணக்கில் வைத்திருந்தது 75,000.

விமானத்தின் வயதைப் பற்றிப் பேசும்போது நாம் வருடத்தை மட்டும் கேட்கிறோம். அது மூன்று கணக்குகளில் ஒன்றுதான், அதிலும் பெரும்பாலும் இளைய கணக்கு. உயரே போகும்போது வெளியே காற்று ஐதாகிவிடும். மனிதர் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் உலோகத் தோல் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகிறது; இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு பறப்புக்கு ஒரு விரிவு, ஒரு சுருக்கம். அது ஆயிரக்கணக்கில் கூடும்போது தறையாணித் துளைகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் தொடங்குகின்றன. லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் பறக்கும் விமானத்துக்கு ஒரு நாளில் இரண்டு விரிவு வந்தாலே அதிகம். தீவுக்குத் தீவு அரைமணி நேரம் தாவும் விமானத்துக்கு அது காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அத்தோடு ஹவாயில் உப்புக் காற்று. தகடும் தகடும் ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், இடுக்கில் அரிப்பு ஏறி, அருகருகே இருந்த சின்ன வெடிப்புகள் ஒருநாள் கைகோத்துக்கொண்டன. அங்கே ஒரு பெரிய வெடிப்பு இருக்கவில்லை. பல சின்ன வெடிப்புகள் இருந்தன. பரிசோதகர்களின் கண்ணுக்கு அவை தப்பியதற்கும் அதுதான் காரணம்.

இந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா 1991 இல் மூத்த விமானங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது.

குறுகிய தாவல்கள், உப்புக் காற்று, மூத்த உடல். இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு பலாலியைத் திரும்பிப் பாருங்கள். அங்கும் ஒரு மணித்தியாலப் பறப்பு. அங்கும் மூன்று பக்கம் கடல். கடைசித் தகவல், காற்றழுத்தம் குறைகிறது என்பது. அலோஹா கதையை அறிந்த எவருக்கும் 602 இன் கூரைமேல் சந்தேகம் வராமல் போகுமா?

வரத்தான் செய்தது. ஆனால் சந்தேகத்தை உறுதிசெய்யும் முன் இன்னொரு விமானத்தையும் கூண்டில் ஏற்றவேண்டும். அது பழைய விமானம் அல்ல.

1952. பிரித்தானியாவின் கொமெற், பயணிகளை ஏற்றிய உலகின் முதல் ஜெற் விமானம். சேவை தொடங்கிய அதே வருடத்தில் லண்டனிலிருந்து கொழும்புக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தார் டக்கோட்டாவில் அதிர்ந்து அதிர்ந்து இரத்மலானைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், கொழும்புக்காரர் கொமெற்றின் வழுவழுப்பான உடலை அண்ணாந்து பார்த்தார்கள். புதுமை என்றால் அதுதான் புதுமை. 1954 ஜனவரி 10 ஆம் திகதி ரோமிலிருந்து கிளம்பிய ஒரு கொமெற் எல்பாத் தீவருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று.

பிரித்தானியக் கடற்படை மத்தியதரைக் கடலின் அடியிலிருந்து முதலாவது விமானத்தைத் துண்டுதுண்டாக அள்ளிக்கொண்டு வந்தது. ஃபார்ன்பரோ ஆய்வுகூடத்தில் அதை எலும்புக்கூடாக அடுக்கினார்கள். பக்கத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டி கட்டி, பறந்து பழகிய வேறொரு கொமெற்றை முழுதாக அதற்குள் இறக்கி, உள்ளே நீரை அழுத்தியும் விட்டும், அழுத்தியும் விட்டும், பறக்காமலே பறக்கவைத்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 ஆவது தடவையில் உடல் கிழிந்தது. எல்பாவில் விழுந்தது 1,290 தடவைதான் பறந்திருந்தது. சேவைக்கு வந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. யன்னலைப் போன்ற திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிகிறது என்பதை வடிவமைத்தவர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

ஆக, 1,290 பறப்பில் ஒன்று கிழிந்தது. 89,680 இல் இன்னொன்று. அலோஹாவின் விமானம் கொமெற்றைப் போல எழுபது விமானங்களின் வாழ்நாளை வாழ்ந்து முடித்த பிறகும், கூரையை இழந்து, ஆட்களோடு வந்து இறங்கியது. முதலாவது கிழிந்ததில் கற்றதைத்தான் இரண்டாவதில் கட்டியிருந்தார்கள். நம் டக்கோட்டாக்களுக்கோ இந்தக் கவலையே இல்லை. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவையாக இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்த அந்த இனத்தில் அழுத்தம் ஏற்றுகிற ஏற்பாடே கிடையாது. காதடைக்கும், குளிரும், வாந்தி வரும், தோல் களைக்காது. எண்பது வயதை எட்டியும் சில டக்கோட்டாக்கள் உலகில் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மன்னார்க் கடலுக்குத் திரும்புவோம்.

602 மறைந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ஏற்கெனவே ஒரு நினைவு இருந்தது. 1995 ஏப்ரல் 28. ஆம், அலோஹாவின் அதே திகதி, ஏழு வருடம் கழித்து. பலாலியருகே விமானப்படையின் அவ்ரோ 748 ஒன்று விழுந்தது. என்ன நடந்தது என்ற கேள்வி அடங்குமுன்னே, மறுநாள் இரண்டாவது அவ்ரோவும் பலாலியருகே விழுந்தது. இரண்டிலும் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே இனத்து இரண்டு விமானங்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்த நாளில் தாமாகப் பழுதாவதற்கு என்ன வாய்ப்பு? தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை குடாநாட்டுக்கு வந்துவிட்டதை உலகம் அறிந்தது அப்போதுதான்.

1998 இல் இன்னொரு பாரமும் சேர்ந்திருந்தது. தனியார் விமானங்கள் படையினரையும் ஏற்றுகின்றன என்று புலிகள் குற்றஞ்சாட்டி எச்சரித்திருந்தார்கள். ஆகவே 602 மறைந்த அன்றே பலர் ஏவுகணை என்றார்கள். அன்றே வேறு பலர், “சும்மா கதை, பழம் பிளேன், அதுதான் விழுந்தது” என்றார்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் தேவையாயிருந்தது. சுட்டது என்று ஏற்க மனமில்லாதவருக்குப் பழசு வசதியாயிருந்தது. பழசை வாடகைக்கு எடுத்ததைப் பற்றிக் கேள்வி வரக்கூடாது என்றவருக்கு ஏவுகணை வசதியாயிருந்தது. இரண்டு தரப்பிடமும் இல்லாதது ஒன்றுதான்: விமானம்.

யாழ்ப்பாணத்துக்கான பயணிகள் விமானங்கள் நின்றன. 55 குடும்பங்களில் பலவற்றுக்கு உடலும் இல்லை. அந்தியேட்டி செய்வதா, காத்திருப்பதா என்று தெரியாமல் வருடங்கள் போயின. கடலில் விழுந்தவர்களைக் கரைக்கு ஒதுக்கிப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் சிறைகளையும் முகாம்களையும் தேடியவர்களும் இருந்தார்கள். விசாரணை அறிக்கை இல்லாத விபத்து செய்கிற கொடுமை இது.

போர் முடிந்தது. 2012. கைதான முன்னாள் போராளி ஒருவர் கொடுத்த தகவலோடு கடற்படைச் சுழியோடிகள் இரணைதீவுக்கு அப்பால் இறங்கினார்கள். பூநகரிக்குத் தென்மேற்கே, மீனவர் மட்டும் வாழ்ந்த, போரில் அவர்களும் வெளியேற்றப்பட்ட தீவு அது. கடலடியில் சேற்றுக்குள் ஒரு விமானத்தின் பாகங்கள் கிடந்தன. அன்ரனோவ் 24.

ஏவுகணை இரணைதீவிலிருந்தே ஏவப்பட்டது என்பது அந்தத் தகவல். உடைமைகளும் உடைகளும் மேலே வந்தன. 2014 ஜனவரியில் அவற்றை யாழ்ப்பாணத்தில் உறவினரின் பார்வைக்கு வைத்தார்கள். பதினைந்து வருடம் உப்பு நீரில் ஊறிய சேலைக்கரையையும் சட்டைத் துணியையும் கொண்டு ஆளை அடையாளம் கண்டவர்கள் உண்டு.

அப்படியானால் விமானி சொன்ன அந்தத் தகவல்? அதில் பொய் இல்லை. கூரை களைத்துக் கிழிந்தாலும் அழுத்தம் குறையும். சிதறல் துண்டு துளைத்தாலும் அழுத்தம் குறையும். விமானியின் முன்னாலிருந்த மானிக்கு இரண்டும் ஒன்றே. முள் விழுவதைக் கண்டார், கண்டதைச் சொன்னார்.

602 ஐ விழுத்தியது வயதல்ல. இதை எழுதும்போது பழைய விமானத்துக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் முறைப்பாடு வேறு. வயதைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அதுதான். 2025 ஜூலையில் ரஷ்யாவின் தூரகிழக்கில் திண்டா அருகே இதே அன்ரனோவ் 24 இனத்து விமானம் ஒன்று மலைச்சரிவில் மோதி 48 பேர் இறந்தபோது, முதல் நாள் செய்திகளிலேயே அதன் வயது வந்துவிட்டது: ஏறக்குறைய ஐம்பது. மலையில் மோதிய விமானத்தில் முதலில் கேட்கவேண்டியது அதன் வயதையா, முகிலுக்குள் எந்த உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதையா?

2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் விழுந்து 72 உயிர்களைக் கொண்டுபோன ஏரிஆர் 72 இன் இரண்டு இயந்திரங்களும் நன்றாகவே இருந்தன. இறங்கும் வேளையில் தவறான நெம்புகோல்கள் இழுக்கப்பட்டுச் சுழலிகள் இழுவிசையை இழந்தன என்று விசாரணை சொன்னது. அதே குடும்பத்தின் புதிய வகை, ஏரிஆர் 72-600, இன்று சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறது. 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது வந்து இறங்கிய அலையன்ஸ் எயார், கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பர் 12 இல் திரும்பி வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் வருகிறது. இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில் அந்த விமானங்களில்தான் ஏறினோம். அந்த வகையே 2011 இல்தான் சேவைக்கு வந்தது. பலாலி கண்ட விமானங்களுக்குள் இவை சிறுபிள்ளைகள். ரிக்கற் எடுக்கும்போது வயது கேட்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வால்பக்கத்துப் பதிவெழுத்தைப் பார்த்துத் தேடினால் அது கிடைத்துவிடும். யார் பராமரிக்கிறார், எந்த நாட்டு அதிகாரசபை அதற்குப் பொறுப்பு, வாடகைக்கு வந்த விமானமென்றால் அதைத் திறந்து பார்க்க நம் நாட்டுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டால் அத்தனை விரைவாகப் பதில் வராது. 1998 இல் பெலாரஸில் பதிவான விமானத்தில் ஏறிய பயணிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இடமே இருக்கவில்லை.

இந்தத் தொடர் காலத்தில் பின்னோக்கிப் பறப்பது பழகிய வாசகருக்குத் தெரியும். இனி இருபது வருடம் ஒரே தாவலாகப் பின்னால் போகிறோம்.

1978 செப்டெம்பர் 7. ஜே.ஆர். ஜயவர்தனவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். இரத்மலானையில் எயார் சிலோனின் அவ்ரோ 748 ஒன்று நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் நன்கு அறிந்த விமான இனம். 1964 இல் வாங்கியது, வயது பதினான்கு. கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோவதற்காக இரண்டு விமானிகள் முன்னால் இருந்து, பறப்புக்கு முந்திய சோதனைகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பயணிகள் ஒருவரும் இல்லை. அப்போது விமானத்தின் பின்பக்கத்திலிருந்து கரும்புகை எழும்புகிறது.

எரிவது பழைய மின்கம்பியா, பயணப்பையா?

(அடுத்த வாரம்)